முகத்தில் வைத்துப் பார்க்காமல் மாஸ்க் வாங்காதீர்கள்: புதிதாக ஸ்கூபா பழகுவோருக்கு

போன மாசி மாதம் மதுரையிலிருந்து வந்த தம்பி ஒருவர், புத்தம்புதுப் பையை எங்கள் கருவி அறை மேசைமேல் வைத்துத் திறந்தார். கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க், காலில் மாட்டும் துடுப்பான ஃபின், சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர், காற்றேற்றி மிதக்க உதவும் மிதவைச் சட்டை, 5 மில்லிமீட்டர் தடிமனில் வெட்சூட் எனும் ரப்பர் உடுப்பு என எல்லாமே உறை பிரிக்காமல் இருந்தன. மொத்தம் 85,000 ரூபாய், அதில் பாதி கடன் என்றார். அவருக்கு ஸ்கூபா, அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்கும் பயிற்சியே அன்றைக்குத்தான் தொடங்குகிறது. மாஸ்க்கை எடுத்து அவர் முகத்தில் வைத்துப் பார்த்தேன். மூக்கின் இரு பக்கமும் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. வெட்சூட் கழுத்தை நெரித்தது. ஃபின் காலில் நிற்கவில்லை. அன்று அவர் எங்கள் வாடகைக் கருவிகளை மாட்டிக்கொண்டுதான் கடலில் இறங்கினார். மாலையில் கரையேறியதும், "அக்கா, வாங்குவதற்கு முன்பே யாரிடமாவது கேட்டிருக்கலாம்" என்றார். கேட்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பாம்பனுக்குப் பக்கத்தில் இருக்கும் கடற்கரைக் கிராமம் என் ஊர். அம்மா பாசி எடுப்பவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பாறை இடுக்கில் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரைப் பாசியும் பறித்து எங்களை வளர்த்தார். தாய்மாமன் காலில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு சங்கு குளித்தவர். நான் சிலிண்டருடன் இறங்கப் பழகிக்கொண்டு, 9 ஆண்டுகளாக ஒரு பயிற்சி நிலையத்தில் கருவி அறையைப் பார்த்துக்கொள்கிறேன். வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் முகம் பார்த்து மாஸ்க் எடுத்துக் கொடுப்பதும், மாலையில் அத்தனை கருவியையும் கழுவி உலர்த்துவதும் என் வேலை. எந்தக் கருவி எத்தனை நாள் உழைக்கிறது, எது எங்கே கிழிகிறது, யார் எதற்காகப் பதறுகிறார்கள் என்று தினமும் கண்ணால் பார்க்கிறேன்.

அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கருவி வாங்கும்போது முதலில் இரண்டே கேள்விகள் கேளுங்கள். இது என் உடம்புக்குப் பொருந்துகிறதா? நான் இறங்கப் போகும் கடலுக்குப் பொருந்துகிறதா? விலையும் நிறமும் கம்பெனிப் பெயரும் அதற்குப் பிறகு வரட்டும்.

நம் கடல் எப்படிப்பட்டது

இராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடல்கள். பாம்பன் பாலத்தில் நின்று வடக்கே பார்த்தால் பாக் விரிகுடா, தெற்கே பார்த்தால் மன்னார் வளைகுடா. எங்கள் பக்கத்தில் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வாடைக்காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகடல் கலங்கிப் புரளும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் தென்கடல் இறங்கவே விடாது. இடைப்பட்ட மாதங்களில், குறிப்பாக மாசி, பங்குனியில், தண்ணீர் தெளிந்து வரும். தெளிந்தாலும் அந்தமானில் எடுத்த படங்களில் நீங்கள் பார்க்கும் கண்ணாடித் தண்ணீரை இங்கே எதிர்பார்க்காதீர்கள். பல நாட்களில் சில மீட்டர் தூரம்தான் கண்ணுக்குத் தெரியும்.

பவளப் பாறைகளும் கடற்புல் வெளிகளும் பெரும்பாலும் ஆழம் குறைந்த இடங்களில் இருக்கின்றன. தண்ணீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கும். அறுந்துபோன வலைத் துண்டுகளும் நைலான் நரம்பும் பாறைகளில் சிக்கிக் கிடக்கும். மேலே நாட்டுப்படகுகள் ஓடிக்கொண்டிருக்கும். சில மாதங்களில் சொறிமீன் (ஜெல்லி மீன்) கூட்டம் வரும். இவை அத்தனையும் நீங்கள் வாங்கும் பொருளைத் தீர்மானிக்க வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாம்பன் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே போகக் கூடாது. "கையில் கருவி இருக்கிறது, படகுக்காரர் தெரிந்தவர்" என்று குருசடைத் தீவுப் பக்கமோ முயல் தீவுப் பக்கமோ போய் இறங்கிவிட முடியாது. எந்த இடத்தில் அனுமதி உண்டு என்பதைப் பயிற்சி நிலையத்தில் கேட்டுக்கொண்டு, அந்த இடத்துக்கு என்ன தேவை என்று பாருங்கள்.

முதலில் மாஸ்க்

சொந்தமாக ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மாஸ்க்கை வாங்குங்கள். மற்ற எல்லாவற்றையும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். பொருந்தாத மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் புதியவருக்கு மீன் தெரியாது, பவளம் தெரியாது, சொல்லித் தருபவரின் கைச் சைகையும் தெரியாது. கண்ணுக்குள் உப்புத் தண்ணீர் மட்டும்தான் தெரியும். நான் பார்த்த பதற்றங்களில் பாதிக்கு மேல் அங்கேதான் தொடங்கின.

நீச்சல் குளத்தில் போடும் சிறு கண்ணாடியைக் கொண்டு வந்து "இது போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. தண்ணீருக்குள் இறங்க இறங்க அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அது மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. கண்ணாடிக்குள் இருக்கும் காற்று சுருங்கும்போது, அந்த வெற்றிடம் கண்ணையும் சுற்றியுள்ள தோலையும் இழுக்கும். மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடியிருந்தால் மூக்கால் கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு அதைச் சரிசெய்யலாம். கண்ணை மட்டும் மூடும் கண்ணாடியில் அதற்கு வழியே இல்லை. நான் சிறுமியாக இருந்தபோது அம்மா அப்படிப்பட்ட கண்ணாடியைத்தான் போட்டுக்கொண்டு போவார். சாயங்காலம் வீடு திரும்பும்போது கண்ணின் வெள்ளை முழுவதும் இரத்தச் சிவப்பாக இருக்கும். உப்புத் தண்ணீரால் வந்தது என்று நாங்கள் நினைத்திருந்தோம். பயிற்சி வகுப்பில் அழுத்தத்தைப் பற்றிய பாடத்தைக் கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முதல் சம்பளத்தில் அவருக்கு மூக்கை மூடும் மாஸ்க் வாங்கினேன்.

பொருத்தம் பார்க்கும் முறை எளிது. பட்டையை முன்பக்கம் தூக்கி விட்டுவிடுங்கள். மாஸ்க்கை முகத்தில் மெதுவாக வைத்து, அழுத்தாமல், மூக்கால் லேசாகக் காற்றை உள்ளே இழுங்கள். கையை எடுங்கள். மூச்சை இழுத்துப் பிடித்திருக்கும் வரை மாஸ்க் விழாமல் நிற்க வேண்டும். தலையை மெல்ல அசைத்துப் பாருங்கள். எங்காவது காற்று புகும் சத்தம் கேட்டால் அது உங்களுக்கானது அன்று. பட்டையை இறுக்கிச் சரிசெய்துவிடலாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். இறுக்கினால் விளிம்பு மடங்கி இன்னும் அதிகமாகத் தண்ணீர் வரும், நெற்றியில் தழும்பும் விழும். முடிந்தால் ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியையோ ஸ்நார்க்கல் எனும் மூச்சுக் குழாயையோ கடித்துக்கொண்டு அதே சோதனையை மறுபடியும் செய்யுங்கள். வாய் திறந்திருக்கும்போது கன்னத்தின் வடிவமே மாறிவிடுகிறது. கடையில் கச்சிதமாக நின்ற மாஸ்க் கடலில் ஒழுகுவதற்கு இதுவே காரணம்.

விளிம்பு மென்மையான சிலிக்கானாக இருக்கட்டும். விலை குறைந்த பிளாஸ்டிக் விளிம்பு நம் வெயிலில் சீக்கிரம் விறைத்துவிடும். முன்பக்கம் டெம்பர்டு கண்ணாடியாக இருக்க வேண்டும். உடைந்தாலும் அது கூரிய சில்லுகளாகச் சிதறாது. உள்ளே காற்று குறைவாகப் பிடிக்கும், முகத்தோடு ஒட்டிய வடிவத்தில் தண்ணீரை வெளியேற்றுவது சுலபம். கறுப்பு விளிம்பா, ஒளி ஊடுருவும் விளிம்பா என்றால், முதல் முறை இறங்குபவருக்கு ஒளி ஊடுருவுவதையே நான் எடுத்துக் கொடுப்பேன். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வந்தால் அடைபட்ட உணர்வு குறையும்.

சிறு விஷயங்கள் சிலவற்றைச் சொல்ல வேண்டும். இவற்றை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை, அறையில் நின்று கற்றுக்கொண்டேன். மீசை வைத்திருப்பவர்களுக்கு மேலுதட்டுப் பக்கம் தண்ணீர் கசியும். மூக்குக்குக் கீழே ஒரு நூலளவு மழித்துக்கொண்டால் போதும், மீசையை எடுக்க வேண்டியதில்லை. தலையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வராதீர்கள். பட்டை வழுக்கும், கண்ணாடி மங்கும். பெண்கள் மூக்குத்தியைக் கவனிக்க வேண்டும். காது அடைப்பை நீக்க மாஸ்க்குக்கு வெளியிலிருந்து மூக்கைப் பிடித்து ஊதுவோம். கல் வைத்த பெரிய மூக்குத்தியாக இருந்தால் அப்போது குத்தும், உள்ளிருக்கும் சிலிக்கானையும் கீறும். அம்மா மூக்குத்தியைக் கழற்ற மாட்டார் என்பதால், மூக்குப் பகுதி அகலமாக உள்ள மாஸ்க்காகத் தேடி, மூன்றாவதாகப் போட்டதில்தான் பொருத்தம் கண்டோம். பின்னலைத் தாழ்த்திப் போட்டால் பட்டை நழுவாது. ரப்பர் பட்டைக்குத் துணி உறை போட்டுக்கொண்டால் முடி பிய்யாது.

கண்ணாடி அணிபவர்கள் பவர் வைத்த மாஸ்க் வாங்கலாம். தண்ணீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் பக்கத்தில் இருப்பதாகவும் தோன்றுவதால், தூரப் பார்வைக் குறை சிறிதளவே உள்ளவர்கள் பவர் இல்லாமலும் சமாளிக்க முடிகிறது. முதலில் சாதாரண மாஸ்க்கில் இறங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

புதிய மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலையில் படிந்த மெல்லிய படலம் இருக்கும். அதை நீக்காவிட்டால் எத்தனை முறை எச்சில் தடவினாலும் பனி படியும். வெள்ளைப் பற்பசையை உட்பக்கக் கண்ணாடியில் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். உள்ளே ஏற்கெனவே பூச்சு பூசிய வகை என்றால் மட்டும் தேய்க்காதீர்கள்.

ஸ்நார்க்கல், ஃபின், காலுறை

ஸ்நார்க்கலுக்கு அதிகம் செலவிட வேண்டாம். நேரான, குட்டையான குழாய் போதும். நீளமாக இருந்தால் நன்றாக மூச்சு விடலாம் என்பது தவறு. நாம் விட்ட காற்றே குழாயில் தங்கி மறுபடியும் உள்ளே வரும்.

ஃபின் இரண்டு வகை. குதிகாலையும் சேர்த்து மூடுவது ஒன்று, குதிகால் திறந்து பட்டையோடு வருவது மற்றொன்று. குளத்துக்கும் படகிலிருந்து நேராகக் குதிப்பதற்கும் முதல் வகை போதும். நம் கரைக்கு நான் இரண்டாவதையே சொல்வேன், அடியில் கெட்டியான ரப்பர் வைத்த காலுறையோடு சேர்த்து. பல இடங்களில் படகை ஆழம் குறைந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடக்க வேண்டியிருக்கும். கீழே சிப்பி ஒட்டிய கல் இருக்கும், உடைந்த பவளத் துண்டு இருக்கும், மணலில் புதைந்து திருக்கை கிடக்கும். அம்மாவின் உள்ளங்காலில் இருக்கும் வெட்டுத் தழும்புகளை எண்ணி முடிக்க முடியாது. நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நகருங்கள், திருக்கை விலகிப் போய்விடும். பவளத்தின் மேல் மட்டும் எந்தக் காலுறையோடும் நிற்காதீர்கள். அது உயிருள்ளது, மிதித்தால் சாகும்.

ஃபினை அந்தக் காலுறையைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். வெறுங்காலில் பார்த்து வாங்கிவிட்டு இங்கே வந்து மாற்றக் கேட்பவர்கள் மாதம் இருவராவது உண்டு. நீளமான, விறைப்பான ஃபின் வேகம் தரும் என்பது உண்மை. ஆனால் பழகாத காலுக்குப் பத்து நிமிடத்தில் ஆடுசதை பிடித்துக்கொள்ளும். நடுத்தர நீளம், நடுத்தர விறைப்பு போதும். நம் கடலில் அடியில் வண்டல் அதிகம். பெரிய ஃபினால் ஓங்கி அடித்தால் மண் கிளம்பி, உங்களுக்குப் பின்னால் வருபவருக்கு எதுவும் தெரியாமல் போகும். மெட்டி போட்டிருப்பவர்கள் ஒன்று கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் மெல்லிய பருத்தி உறை போட்டுக்கொள்ளுங்கள். மெட்டியோடு ஈரக் காலை ஃபினுக்குள் நுழைத்து விரலில் தோலுரிந்தவர்களுக்கு மருந்து போட்டுவிட்டிருக்கிறேன்.

உடுப்பு

மதுரைத் தம்பி வாங்கிய 5 மில்லிமீட்டர் சூட் குளிர்ந்த கடலுக்கானது. இங்கே சித்திரை வெயிலில் படகில் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மயக்கம் வரும். மெல்லிய 2 அல்லது 3 மில்லிமீட்டர் சூட் நமக்குப் போதும். அது கூட எதற்கு, தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று கேட்கலாம். காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கும் மேலான வேகத்தில் உடம்புச் சூட்டை உறிஞ்சும். முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தால் வெதுவெதுப்பான கடலிலும் பல் கிட்டும். ஒல்லியானவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

சூட் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். முதுகுக் குழியிலும் அக்குளிலும் பை விழுந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து புகுந்து வெளியேறும், சூடு நிற்காது. ஆனால் கழுத்தில் மட்டும் இறுக்கம் கூடாது. கழுத்தை அழுத்தினால் தலை சுற்றும், மூச்சு முட்டுவதுபோல் தோன்றும். புதியவர் அதைக் கடல் பயம் என்று நினைத்துக்கொள்வார். கடையில் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் நின்று, குனிந்து, ஆழமாக மூச்சு இழுத்துப் பாருங்கள்.

சூட் வாங்க இப்போது வசதியில்லை என்றால் முழுக்கை லைக்ரா மேலாடையும் கணுக்கால் வரை வரும் லெகிங்ஸும் போதும். சொறிமீன் பட்டால் எரியாமல் இருக்கவும் வெயிலுக்கும் அது காப்பு. இந்த உடுப்பில் பெண்களும் எந்தக் கூச்சமும் இல்லாமல் இறங்கலாம். தளர்வான சுடிதார், நைட்டி, துப்பட்டா, சேலை எதுவும் சிலிண்டருடன் வேண்டாம். காலில் சுற்றும், வால்வில் மாட்டும். அம்மாவுக்கு இருப்பது வேறு வழியில்லாத நிலைமை. உங்களுக்கு வழி இருக்கிறது.

இவற்றை இப்போது வாங்க வேண்டாம்

ரெகுலேட்டரும் மிதவைச் சட்டையும் பெரிய செலவு. ‘ஓப்பன் வாட்டர்’ எனப்படும் முதல்நிலைப் பயிற்சியை முடித்து, அதன்பின் இருபது முப்பது முறையாவது இறங்கிய பிறகே அவற்றைப் பற்றி யோசியுங்கள். அதற்குள் உங்கள் உடம்பு எப்படி மிதக்கிறது, எங்கே பட்டை உறுத்துகிறது, உள்ளபடியே இதைத் தொடரப் போகிறீர்களா என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆஸ்துமா, காது, இதயத் தொந்தரவு உள்ளவர்கள் ஒரு பைசா செலவழிப்பதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். சான்றிதழ் இல்லாதவருக்கு ரெகுலேட்டர் விற்கும் கடையை நான் மதிப்பதில்லை. ஆழத்தில் சிலிண்டர் காற்றை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழியலாம் என்பதை முதலில் கற்றுக்கொள்ளாதவர் கையில் அது இருக்கக் கூடாது.

வாடகைக்கு எடுக்கும்போது வெட்கப்படாமல் சோதியுங்கள். உங்களைப் போன்றவர்கள் சோதித்தால்தான் என்னைப் போன்றவர்கள் கவனமாக இருப்போம்.

மிதவைச் சட்டையை மாட்டி, காற்றை முழுவதும் நிரப்பி, மூச்சு விட்டுப் பாருங்கள். விலா நெரியக் கூடாது. நிரம்பிய சட்டை பத்து நிமிடம் கழித்தும் தளராமல் இருக்க வேண்டும். காற்றை ஏற்றும் பொத்தான் அழுத்தினால் உள்ளே போய், விட்டவுடன் திரும்பி வர வேண்டும். உப்பு ஏறிய பொத்தான் சிக்கிக்கொண்டால் சட்டை தானாக நிரம்பி உங்களை மேலே இழுத்துவிடும். எல்லாப் பட்டைகளையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டிப் பழகுங்கள்.

ரெகுலேட்டரைச் சிலிண்டரில் பூட்டி, திறந்து, அழுத்தமானியைப் பார்த்தபடியே நாலைந்து முறை பலமாக மூச்சு இழுங்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் விழுந்து எழுந்தால் சிலிண்டர் முழுவதும் திறக்கப்படவில்லை அல்லது உள்ளே அடைப்பு இருக்கிறது. மானியில் காற்றழுத்தம் ஏறக்குறைய 200 பார் இருக்க வேண்டும். 50 பார் மீதமிருக்கும்போது நீங்கள் மேலே வந்திருக்க வேண்டும். மஞ்சள் குழாயோடு இருக்கும் இரண்டாவது வாய்ப்பகுதி உங்களோடு இறங்கும் துணைக்கு ஆபத்தில் கொடுப்பதற்கானது. அதிலும் மூச்சு விட்டுப் பாருங்கள். யாரும் தொடுவதில்லை என்பதால் பல இடங்களில் அதற்குள்தான் மணல் அடைத்திருக்கும். வாய்ப்பகுதியின் ரப்பரில் பல் பதிந்து கிழிந்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். கடைசியாகப் பிரித்துச் சரிபார்த்தது எப்போது என்று கேளுங்கள். ஓராண்டுக்கு மேல் என்றால் வேறு எடுங்கள்.

சிலிண்டரின் தோளில் அழுத்தச் சோதனை செய்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் தொடாதீர்கள். வால்வைக் கொஞ்சம் திறந்து வரும் காற்றை மோந்து பாருங்கள். எந்த வாடையும் இருக்கக் கூடாது. எண்ணெய் வாடையோ புகை வாடையோ அடித்தால், சிலிண்டரில் காற்றடைக்கும் கம்ப்ரசரின் எண்ணெய் கலந்திருக்கலாம், அல்லது அதன் காற்று இழுக்கும் குழாய் இன்ஜின் புகைக்குப் பக்கத்தில் இருந்திருக்கலாம். இன்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்குத் தனியாக வாடை கிடையாது, ஆழத்தில் அது ஆளைக் கொல்லும். சாதாரண கம்ப்ரசரில் நீளக் குழாய் மாட்டி அதை வாயில் கடித்துக்கொண்டு சங்கெடுக்கப் போகிறவர்கள் நம் கடலோரத்தில் இருக்கிறார்கள். வயிற்றுப்பாட்டுக்காகப் போகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் "அவர்கள் போகவில்லையா?" என்று கேட்டு அந்த வழியில் இறங்காதீர்கள். அப்படிப் போய்க் காலில் உணர்விழந்து திரும்பியவர் என் உறவிலேயே உண்டு.

ஈயக்கட்டி

மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் எடைப் பட்டையில் எத்தனை கிலோ ஈயம் என்பதை உங்கள் பயிற்றுநர் தண்ணீரில் வைத்தே முடிவு செய்வார். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. இங்கே பரவலாகப் புழங்கும் அலுமினியச் சிலிண்டர் காற்று தீரத் தீர லேசாகிவிடும். ஏறக்குறைய 2 கிலோ வித்தியாசம் வரும். தொடக்கத்தில் சரியாக மூழ்கியவர் கடைசியில் 5 மீட்டர் ஆழத்தில் நிற்க முடியாமல் மேலே மிதந்துவிடுவது அதனால்தான். அதற்கு இடம் விட்டு எடை கட்ட வேண்டும். அதற்காகக் கூடுதலாக ஈயத்தைக் கட்டிக்கொண்டு மிதவைச் சட்டையை ஊதி ஊதிச் சமாளிப்பதும் தவறு. அப்படிப்பட்டவர்கள்தான் பவளத்தின்மேல் விழுகிறார்கள். பட்டையின் கொக்கி ஒரே கையால் இழுத்தால் கழல வேண்டும்.

கையில் கட்டும் கணினி

மாஸ்க்குக்கும் ஃபினுக்கும் அடுத்து சொந்தமாக வாங்க வேண்டியது டைவ் கம்ப்யூட்டர். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறீர்கள், இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம், மேலே வரும் வேகம் கூடிவிட்டதா என்பதை அது சொல்லும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறக் கூடாது, 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் கலங்கிய தண்ணீரில் மனக்கணக்காகச் செய்ய முடியாது. ஒருவரின் கணினியை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளவும் முடியாது. அது ஆழத்தில் இழுத்த காற்றிலிருந்து உங்கள் உடம்பில் கரைந்த நைட்ரஜனுக்கான கணக்கு, சீக்கிரம் மேலே போனால் அது உடம்புக்குள் குமிழாகிவிடும். எளிய வகை போதும். எண்கள் பெரிதாகத் தெரிய வேண்டும், பேட்டரியை நீங்களே மாற்றும்படி இருந்தால் இராமநாதபுரத்திலோ இராமேஸ்வரத்திலோ ஆள் தேடி அலைய வேண்டாம்.

விமானம் ஏறக் கூடாத நேரத்தையும் அது காட்டும். ஒரே நாளில் இரண்டு முறை இறங்கியவர் 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். மதுரையில் இரவு விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டுக் காலையில் கடலில் இறங்க வருபவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொண்டார்கள், பரவாயில்லை. சுற்றுலா வருபவர்கள் மறப்பது இன்னொன்று: கொடைக்கானல். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊர் அது. காலையில் இங்கே மூழ்கிவிட்டு அன்று இரவே காரில் மலையேறுவதும் விமானத்தில் பறப்பதைப் போன்ற ஆபத்துதான்.

சிறியவை, ஆனால் விடக் கூடாதவை

நைலான் நரம்பு வெட்டும் கருவி ஒன்றை மிதவைச் சட்டையின் முன்பக்கத்தில், இரண்டு கையும் எட்டும் இடத்தில் கட்டுங்கள். முழங்காலில் கட்டும் பெரிய கத்தி வேண்டாம். சீட் பெல்ட் அறுப்பதுபோலக் கொக்கிக்குள் பிளேடு வைத்து வரும் சிறு கருவி போதும், விலையும் குறைவு. நம் கடலில் வலை கண்ணுக்குத் தெரிவதற்கு முன் உடம்பில் பட்டுவிடும். சிக்கினால் திரும்பாதீர்கள், உதறாதீர்கள். நின்று, துணையைக் கூப்பிட்டு, ஒவ்வொரு இழையாக அறுங்கள். கிடந்த வலை என்றால் அறுக்கலாம். யாரோ போட்டு வைத்த வலை என்றால் அது ஒருவருடைய பிழைப்பு, தேவைக்கு மேல் ஒரு கண்ணியும் அறுக்காதீர்கள்.

மேலே வருவதற்கு முன் அனுப்பும் காற்றடைத்த ஆரஞ்சு நிற மிதவைக் குழாய், விசில் இரண்டும் கட்டாயம். இன்ஜின் வள்ளம் ஓட்டும் அண்ணனுக்குத் தண்ணீருக்குள் ஆள் இருப்பது எப்படித் தெரியும்? அந்த மிதவையைப் பார்த்தால்தான் தெரியும். அதை அனுப்பப் பழகாமல் வாங்கி வைப்பதில் பயனில்லை. முதலில் குளத்திலோ ஆழம் குறைந்த இடத்திலோ பத்து முறை அனுப்பிப் பழகுங்கள்.

பழைய பொருள் வாங்குவது

ஃபின், எடைப் பட்டை, காலுறை பழையதாக வாங்கலாம். மாஸ்க்கும் வாங்கலாம், உங்கள் முகத்தில் நின்றால். பழைய ரெகுலேட்டரை, அதே வகைக்கு உதிரிப் பாகமும் பழுது பார்ப்பவரும் நம் நாட்டில் கிடைக்கிறார்களா என்று உறுதி செய்யாமல் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்து கொடுத்ததை வைத்துக்கொண்டு, ஒரு சிறு ரப்பர் வளையம் கிடைக்காமல் அலமாரியில் பூட்டி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். பழைய சிலிண்டர் வேண்டவே வேண்டாம்.

கழுவுவது

உப்புதான் கருவியைத் தின்பது. எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர் குடம் கணக்கில் வாங்க வேண்டிய பொருள் என்பதால் நான் கண்டுபிடித்துக்கொண்ட ஒழுங்கு இது. பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் நான்கு குடம் தண்ணீர். முதலில் மாஸ்க், கம்ப்யூட்டர், ரெகுலேட்டர். அதே தண்ணீரில் அடுத்து மிதவைச் சட்டை. கடைசியில் ஃபின், சூட், காலுறை. வரிசை மாறினால் காலுறை மணல் ரெகுலேட்டருக்குள் போகும். கிணற்று நீர் என்றால் நாக்கில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். கரித்தால் கடல் தண்ணீரில் கழுவியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

ரெகுலேட்டரை நனைப்பதற்கு முன் அதன் மூடியைத் துடைத்து உலர்த்தி இறுக மூடுங்கள். தண்ணீருக்குள் இருக்கும்போது முன்பக்கப் பொத்தானை அழுத்தாதீர்கள். அழுத்தினால் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும். மிதவைச் சட்டைக்குள்ளும் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் கவிழ்க்க வேண்டும். உள்ளே உப்பு படிகமானால் பை கீறிவிடும். எல்லாவற்றையும் நிழலில் உலர்த்துங்கள். மொட்டை மாடி வெயிலில் ஒரு வாரம் கிடந்த சூட் பிஸ்கட்டைப் போல ஒடியும். குழாய்களை மடக்காமல் அகல வட்டமாகச் சுருட்டுங்கள். மாஸ்க்கை நன்றாக உலர்ந்த பின் அதன் பெட்டியில், மேலே எதுவும் அழுத்தாமல், பட்டையைத் தளர்த்தி வையுங்கள். அம்மாவின் மாஸ்க்கை இப்படித்தான் வைத்திருக்கிறேன். மாதத்தில் பாதி நாள் கடலுக்குப் போகிறது. எட்டு ஆண்டுக்கு மேல் ஆகியும் விளிம்பில் இன்னும் ஒரு வெடிப்பு விழவில்லை.